காப்பகத்து மிஸ்ஸுக்கும் ஆயாவுக்கும் என்ன கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் காப்பகத்தில் 11 வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் கைக்குழந்தைகள் அறையில். பிறகு என் பையனை வேறொரு காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிய அம்மாவாகவும் இருந்திருக்கிறேன். பரிசை வாங்கிக்கொண்ட கையும் இதுதான், என்ன கொடுப்பது என்று தெரியாமல் பிசைந்த கையும் இதுதான். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். மிஸ், ஆயா, அக்கா என்று இடத்துக்கு இடம் கூப்பிடும் பெயர் மாறும். நான் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கொடுக்காவிட்டால் பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயத்தில் கேட்பவர்கள்தான் அதிகம். எந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்பது அடுத்த மாதமே மறந்துவிடும். எந்தக் குழந்தைக்கு முதுகைத் தட்டினால் தூக்கம் வரும், எந்தக் குழந்தைக்குக் காதைத் தடவினால் வரும் என்பது மட்டும் வருடக்கணக்கில் மறக்காது. பரிசு வராததற்காகக் குழந்தையிடம் முகம் காட்டுகிற ஒருவரிடம் உங்கள் பிள்ளை இருந்தால், அது பரிசு கொடுத்துத் தீர்க்கிற பிரச்சினை இல்லை. நிர்வாகத்திடம் போக வேண்டிய பிரச்சினை.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அலுவலக அறையில் ஒரு வார்த்தை கேளுங்கள். பல காப்பகங்களில் பரிசு வாங்குவதற்கென்றே விதி உண்டு. சேர்க்கையின்போது நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்களில் அதுவும் இருக்கும். சில இடங்களில் இவ்வளவு மதிப்புக்கு மேல் வாங்கக் கூடாது. சில இடங்களில் பணமாக வாங்கவே கூடாது. இன்னும் சில இடங்களில் எது வந்தாலும் பொதுவில் வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். அரசு நடத்தும் இடம் என்றால் கட்டுப்பாடு பெரும்பாலும் இன்னும் இறுக்கமாக இருக்கும்.

ஒரு முறை ஒரு குழந்தையின் அப்பா நல்ல கைக்கடிகாரம் ஒன்றை நீட்டினார். மனதார வாங்கி வந்திருந்தார். வாங்கினால் என் வேலைக்கு ஆபத்து, வாங்காவிட்டால் அவருக்கு அவமானம். திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு குழந்தையை விட வரும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்காமலே போனார். ஒரு நிமிடம் முன்னால் அலுவலகத்தில் கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் அந்தச் சங்கடம் வந்திருக்காது.

சரி, எதைக் கொடுத்தால் உண்மையிலேயே சந்தோஷப்படுவார்கள்?

கடிதம். ‘இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய்’ என்று நினைக்காதீர்கள். கூட வேலை பார்த்தவர்களில் பலர் பழைய அலமாரிப் பெட்டியிலோ துணிகளுக்கு அடியிலோ எதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கோப்பை இல்லை, வாசனை மெழுகுவர்த்தி இல்லை. தாள்கள்தான்.

ஆனால் ‘எல்லாவற்றுக்கும் மிக்க நன்றி’ என்ற வரி மட்டும் இருக்கும் அட்டையை யாரும் எடுத்து வைப்பதில்லை. அந்த வரி யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அவர் செய்த ஒரு காரியத்தை எழுத வேண்டும். குழந்தைகளைக் கவனிக்கும் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. நாள் முழுக்கச் செய்வதில் பாதியை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும் ஒரே ஆளுக்கு இரண்டு வயது, அவன் வீட்டில் போய்ச் சொல்ல மாட்டான். அதனால் ‘நீங்கள் செய்தது எங்களுக்குத் தெரிந்தது’ என்று ஒரு பெரியவர் எழுதினால், அதற்கு ஈடாக நான் எதையும் வாங்கியதில்லை.

அந்தக் கடிதத்தின் ஒரு நகலை மேற்பார்வையாளருக்கும் அனுப்புங்கள். குறைகள் மட்டுமே எழுத்தில் வரும் இடம் அது. பாராட்டும் எழுத்தில் வந்தால் கோப்பில் இருக்கும். சம்பள உயர்வு பேசும்போதும் வேறு வேலை தேடும்போதும் அது பேசும்.

எனக்கு எழுத வராதே?

இலக்கியம் யாரும் கேட்கவில்லை. நான்கு வரி போதும். உங்கள் பிள்ளை வீட்டில் அவரைப் பற்றி என்ன சொல்கிறது, காப்பகத்தில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் என்ன செய்கிறது, எந்த நாளில் அவர் செய்த எது உங்களைக் காப்பாற்றியது என்று யோசித்தால் ஒன்றாவது கிடைக்கும். என் பையனின் மிஸ்ஸுக்கு நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

‘முதல் மூன்று வாரம் அவன் என் துப்பட்டாவை விடாமல் அழுதான். நான் வாசலைத் தாண்டியதும் சன்னல் பக்கம் தூக்கி வந்து கையசைக்க வைப்பீர்கள். அவனுக்காகச் செய்தீர்களோ எனக்காகச் செய்தீர்களோ, நான் அழாமல் பேருந்து ஏறியது அதனால்தான். இப்போது வீட்டில் யார் வெளியே போனாலும் சன்னலுக்கு ஓடுகிறான்.’

பிழை இருந்தால் இருக்கட்டும். கையால் எழுதுங்கள். செல்போன் செய்தி என்றால் அதைவிட எளிது, ஆனால் போனை மாற்றும் நாளில் அது போய்விடும்.

கடிதத்தோடு ஒரு பொருளும் கொடுக்க ஆசைப்படுகிறேன். எது உபயோகப்படும்?

அவர் ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்று நினைத்துப் பார்த்தால் பதில் தானாக வரும். கைக்குழந்தைகள் அறையில் ஒருவர் பொறுப்பில் 4 குழந்தைகள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பகலில் 4 முறை டயப்பர் மாற்றினால் 16 முறை. ஒவ்வொரு முறைக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதற்கு மேல் ஊட்டுவதற்கு முன், பின், மூக்கைத் துடைத்த பின், வெளியே விளையாடிவிட்டு வந்த பின். மாலைக்குள் 30 முறை சாதாரணமாக வந்துவிடும். குளிர் நாட்களில் என் விரல் மூட்டுகள் வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறது. எனவே கைக்குப் பூசும் நல்ல கிரீம், அதுவும் வாசனை சேர்க்காதது, வீணாகவே போகாத பரிசு. வாசனை சேர்த்தது பலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். வெடித்த தோலில் எரியவும் செய்யும்.

அடுத்து, மூடி இறுக்கமாக உள்ள ஃபிளாஸ்க் அல்லது தண்ணீர் பாட்டில். சூடான பானம் தயாரித்து 15 நிமிடம் கழித்தும் சின்னக் குழந்தையின் தோலைப் புண்ணாக்கும். அதனால் நல்ல காப்பகங்களில் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் திறந்த கோப்பையை விட மாட்டார்கள். நாங்கள் டீயைச் சூடாகக் குடித்த நாட்களை எண்ணிவிடலாம். சாய்ந்தாலும் சிந்தாத மூடியும் சூடு தாங்கும் சுவரும் உள்ள ஃபிளாஸ்க் ஓய்வு அறையில் காத்திருந்தால் அது சின்ன விஷயமில்லை.

நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்து நடப்பவர்களுக்கு நல்ல காலுறை, பெயிண்ட்டும் எச்சிலும் படக்கூடிய வேலைக்கு நீளமான ஏப்ரன், வீட்டுக்கு எடுத்துப் போகக் கெட்டியான துணிப்பை, இவையும் பயன்படும். ஒரு குழந்தையின் பாட்டி எனக்கு முழங்காலுக்கு வைத்துக்கொள்ளும் சின்ன மெத்தை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். உள்ளே இருந்த பஞ்சு தட்டையாகும் வரை வைத்திருந்தேன்.

‘உலகின் சிறந்த மிஸ்’ என்று அச்சடித்த கோப்பை?

வேண்டாம். என்னிடம் 9 இருந்தன.

சாக்லேட், கேக் மாதிரி சாப்பிடும் பொருள் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொஞ்சம் யோசித்து. முதல் விஷயம் ஒவ்வாமை. உங்கள் பிள்ளைக்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம், அறையில் இன்னொரு குழந்தைக்கோ மிஸ்ஸுக்கோ இருக்கலாம். வேர்க்கடலை, முந்திரி, பாதாம், எள், பால், முட்டை இவைதான் அடிக்கடி தொல்லை தருபவை. வேர்க்கடலை உள்ளே வரவே கூடாது என்று வைத்திருக்கும் காப்பகங்களும் உண்டு. கடையில் வாங்கி, உறை பிரிக்காமல், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற அச்சோடு கொடுப்பது பாதுகாப்பு. நீங்களே செய்தது என்றால் சேர்த்த பொருட்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் கை மணத்தைச் சந்தேகிக்கவில்லை, சில இடங்களில் வீட்டில் செய்ததை வாங்கக் கூடாது என்றே விதி இருக்கிறது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையைக் குழந்தையின் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். அலுவலகத்திலோ ஊழியர் அறையிலோ கொடுங்கள். வகுப்புக்குள் வைத்தால் பத்து ஜோடிக் கண்கள் அதன் மேல்தான் இருக்கும். தேன் பாட்டில் கொடுப்பவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரந்து, உடலையே செயலிழக்கச் செய்துவிடலாம்.

இன்னொன்று: விடுமுறைக்கு முந்தின நாள் எல்லோரும் சாக்லேட்தான் கொடுப்பார்கள். பெட்டி பெட்டியாகக் குவியும். அதே பெட்டியை ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கொண்டுவந்து வைத்தால் அதன் சுவையே வேறு. அப்புறம், சர்க்கரை நோய், விரதம், சைவம் என்று ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கும். தெரியாவிட்டால் பழக்கூடை யாரையும் நோகடிக்காது.

செடி கொடுப்பது நல்ல யோசனையா?

வீட்டுக்கு எடுத்துப் போக என்றால் நல்ல யோசனை. காப்பகத்தில் வைக்க என்றால் எந்தச் செடி என்று பாருங்கள். அரளி விஷம் என்று நமக்குத் தெரியும். ஆனால் எல்லா வீட்டிலும் தொங்கும் மணி பிளான்ட்டின் இலையைக் கடித்தாலும் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், அதில் ஊசி மாதிரியான ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. தவழும் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் படிக்கும். வாங்குவதென்றால் ஸ்பைடர் பிளான்ட் விஷமில்லாதது, கவனிக்க ஆளில்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும்.

வாசனைத் திரவியம், உடை, நகை?

வாசனை ஆளுக்கு ஆள் ஒத்துக்கொள்ளாது, ஒற்றைத் தலைவலியும் இளைப்பும் உள்ளவர்களுக்குத் தொல்லை. உடைக்கு அளவு தெரியாது. நகை கொடுத்தால் வாங்குபவருக்குக் கடன்பட்ட உணர்வு வந்துவிடும், குழந்தைகள் இழுத்து அறுத்துவிடுவார்கள் என்பதால் வேலைக்குப் போட்டு வரவும் முடியாது.

பணமாகவோ கிஃப்ட் கார்டாகவோ கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா?

விதி இடம் கொடுத்தால் தப்பே இல்லை. இந்த வேலைக்குச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. ‘பணம் கொடுத்தால் கௌரவமாக இருக்காது’ என்று கொடுப்பவர்தான் தயங்குகிறார். வாங்குபவர் அந்த மாதப் பேருந்துக் கட்டணத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு வந்த பரிசுகளில் எந்தப் பரிசு என் பிள்ளையின் காலில் ஷூவாக மாறியது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பரிசெல்லாம் அடுத்த மாதமே மறந்துவிடும் என்று மேலே சொன்னேனே, அதற்கு இது ஒன்று விலக்கு.

கொடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ரூபாய் நோட்டோ டாலரோ, மடித்துக் கையில் திணிக்காதீர்கள். உறையில் போட்டு, கடிதத்தோடு கொடுங்கள். கார்டு என்றால் ஒரே கடைக்கு மட்டும் செல்லும் ஆடம்பரக் கடை கார்டைவிட, அவர் வாரா வாரம் சாமான் வாங்கும் கடையில் செல்லும் கார்டு மேல். காலாவதி தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அந்தத் தேதியை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.

எல்லாப் பெற்றோரும் சேர்ந்து ஒரே பரிசாகக் கொடுக்கலாமா?

என்னைக் கேட்டால் அதுதான் சிறந்தது, ஒழுங்காக நடத்தினால். ஒழுங்காக நடத்தாவிட்டால் வருடம் முழுக்க நட்பாக இருந்த பெற்றோர் குழு ஒரு வாரத்தில் உடையும்.

வாட்ஸ்அப் குழுவில் ‘ஆளுக்கு இவ்வளவு’ என்று தொகை போடாதீர்கள். வேலை போன அப்பா ஒருவர் அந்தக் குழுவில் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது. ‘முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம்’ என்று மட்டும் எழுதுங்கள். யார் எவ்வளவு என்ற பட்டியல் பணம் வசூலிப்பவரின் போனைத் தாண்டக் கூடாது. வாழ்த்து அட்டையில் எல்லாக் குழந்தைகளின் பெயரும் இருக்க வேண்டும், ஒரு பைசா தராத வீட்டுக் குழந்தையின் பெயரும்தான். கடைசித் தேதியைக் கொடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வையுங்கள், எப்படியும் இரண்டு பேர் தாமதமாகத்தான் அனுப்புவார்கள். வசூலான மொத்தமும் அது எதற்குப் போனது என்பதும் குழுவுக்குத் தெரியட்டும்.

யார் யாருக்குக் கொடுப்பது? வகுப்பு மிஸ்ஸுக்கு மட்டும் போதுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு, நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். உங்கள் கண்ணில் படுபவர் காலையில் கதவைத் திறப்பவரும் மாலையில் பையை எடுத்துக் கொடுப்பவரும். நடுவில் உள்ள எட்டு மணி நேரத்தில் குழந்தையைத் தொட்ட கைகள் இன்னும் பல. பாலைச் சூடு பார்த்துக் கலக்கியவர், ஒவ்வாமை உள்ள குழந்தையின் தட்டைத் தனியாக வைக்கும் சமையல்காரம்மா, வாந்தி எடுத்த பாயைக் கழுவிக் காயப்போட்டவர், மிஸ் விடுப்பு எடுத்த நாளில் வந்த மாற்று ஆள், வாகன ஓட்டுநர், வாசலில் முகம் பார்த்து ஆளை விடும் காவலாளி. வருட முடிவில் மிஸ் மேசையில் பைகள் குவிந்திருக்க, அதே அறையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவுக்கு ஒன்றுமே வராததைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குப்பைக் கூடையிலிருந்த வண்ணக் காகிதங்களை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் தனித்தனியாக வாங்க முடியாது என்பது புரிகிறது. ஊழியர் அறையில் வைக்கும்படி ஒரு பொதுப் பரிசு, கூடவே எல்லோர் பெயரையும் எழுதிய ஒரு கடிதம், அது போதும். பெயரை அலுவலகத்தில் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். ‘மற்றும் உதவியாளர்கள்’ என்று முடித்துவிடாதீர்கள்.

என் பிள்ளை கைப்படச் செய்த ஏதாவது?

கைரேகைப் படம் எப்போதும் பிடிக்கும். தண்ணீரில் கரையும், நச்சில்லாத வண்ணத்தில் உள்ளங்கையைப் பதித்து, கெட்டித் தாளின் பின்னால் பெயரும் தேதியும் வயதும் எழுதுங்கள். தேதி இல்லாத கைரேகை மூன்று வருடம் கழித்து யாருடையது என்றே தெரியாது. ஜிகினாத் தூள் வேண்டாம், அது தரையில் விழுந்தால் துடைக்கப் போவது நாங்கள்தான்.

திறந்தால் பாடும் வாழ்த்து அட்டையைக் காப்பகத்துக்குள் கொண்டுவராதீர்கள். உள்ளே பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். பலூனும் அப்படித்தான், வெடித்த துண்டு தொண்டையை அடைக்கும். போட்டோ ஆல்பம் செய்தால் உங்கள் பிள்ளையின் படங்களை மட்டும் வையுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையின் முகத்தை அச்சடிக்க அவர்கள் அம்மா அப்பாவைக் கேட்க வேண்டும்.

காப்பகத்துக்கே ஏதாவது வாங்கித் தரலாமா?

தாராளமாக, கேட்டுவிட்டு. கேட்காமல் வருவது பெரும்பாலும் வீட்டில் அடைத்துக்கொண்டிருந்த பழைய பொம்மை மூட்டை. அதில் உடைந்தது, சக்கரம் கழன்றது, விழுங்கும் அளவில் துண்டு உள்ளது என்று பிரித்து வீசவே ஒரு மாலை போகும். கேட்டால் அவர்கள் சொல்வது சாதாரணப் பொருளாக இருக்கும்: கெட்டி அட்டைப் புத்தகம், மாற்று உடைகள், தடிமனான கிரேயான், ஈரத் துடைப்பான். ஆனால் இது காப்பகத்துக்கான நன்கொடை. ஊழியருக்கான நன்றியாக இதைக் கணக்கில் எழுதாதீர்கள். என் வேலைக்கு நன்றியாக என் மேலதிகாரிக்கு ஒரு பெட்டி கிரேயான் வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

எப்போது கொடுப்பது?

குழந்தை அடுத்த அறைக்கு மாறும்போது, காப்பகத்தை விட்டுப் போகும்போது, வருட முடிவில். அக்டோபர் 5 உலக ஆசிரியர் தினம், 1994 முதல் நடக்கிறது. அன்று பள்ளி ஆசிரியர்களை நினைப்பவர்கள் பால்வாடிப் பருவத்து ஆசிரியர்களை ஏனோ மறந்துவிடுகிறார்கள். எதுவானாலும் காலை அவசரத்தில் கொடுக்காதீர்கள். ஒரு கையில் அழும் குழந்தை, மறு கையில் வருகைப் பதிவேடு. மாலையில், கூட்டம் குறைந்ததும் கொடுங்கள்.

எனக்கும் மிஸ்ஸுக்கும் ஒரு விஷயத்தில் மனக்கசப்பு. பரிசு கொடுத்தால் சரியாகுமா?

ஆகாது. முதலில் உட்கார்ந்து பேசுங்கள். பேசாமல் கொடுத்த பரிசு, வாயை மூடக் கொடுத்ததாகவோ வளைத்துப்போடக் கொடுத்ததாகவோ தெரியும். பேசித் தீர்ந்த பிறகு, ‘அன்று பொறுமையாகக் கேட்டீர்கள்’ என்று ஒரு வரி எழுதினால் அது நன்றாகவே போய்ச் சேரும்.

கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். என்ன செய்வது?

ஒரு முறைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். விதி அவரைக் கட்டியிருக்கலாம், காரணத்தைச் சொல்லவும் முடியாமல் இருக்கலாம். பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு கடிதத்தை மட்டும் கொடுங்கள். கடிதத்தை வேண்டாம் என்று சொல்லும் விதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

காப்பகத்தை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அப்போது ஒன்றும் கொடுக்கவில்லை. இனிமேல் கொடுத்தால் அபத்தமாக இருக்குமா?

இல்லவே இல்லை. போய்விட்ட பிள்ளைகளைப் பற்றிச் செய்தி கேட்பதற்கு எங்களுக்கு வழியே கிடையாது. கைக்குழந்தையாக வந்து மூன்று வயது வரை எங்கள் கையில் வளர்ந்த பிள்ளை, ஒரு வெள்ளிக்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும், அதோடு சரி. நாங்களாகத் தேடிப் போய்க் கேட்பதும் முறையில்லை. ஒரு முறை அலுவலக முகவரிக்கு எனக்கு ஓர் உறை வந்தது. உள்ளே பள்ளிச் சீருடையில் முன்பல் இல்லாமல் ஒரு சிறுமி. யாரென்று அடையாளம் தெரியவில்லை. படத்தைத் திருப்பினால் அவள் அம்மாவின் எழுத்து: ‘இன்னும் இடது காலுக்குத்தான் முதலில் செருப்பு.’ உடனே தெரிந்துவிட்டது.